கழுத்து வலிக்குத் தலையணை தேடுகிறீர்களா? முதலில் அளவு நாடாவை எடுங்கள்

தலையணை வாங்கப் போகிற எவரும் முதலில் செய்வது, அதைக் கையால் ஒரு அமுக்கு அமுக்கிப் பார்ப்பது. மெத்தென்று உள்ளே போனால் திருப்தி. ஆனால் அமுக்குவது உள்ளங்கை, படுக்கப்போவது தலை. வயது வந்த ஒருவரின் தலை ஏறத்தாழ 4.5 முதல் 5 கிலோ இருக்கும். அந்த எடை ஏழெட்டு மணி நேரம் அழுத்திய பிறகு தலையணை எந்த உயரத்தில் நிற்கிறது என்பதைத்தான் கழுத்து உணரும். மென்மை, பிராண்டு, உறையின் துணி எல்லாம் அதற்கு அப்புறம்.

அதனால் இங்கே வரிசையைக் கொஞ்சம் மாற்றியிருக்கிறோம். முதலில் வலி எதனால் என்று பார்ப்பது, பிறகு உங்கள் உடம்பை அளப்பது, வீட்டில் இருக்கும் துண்டுகளை வைத்து அந்த அளவைச் சோதிப்பது. வாங்குவது கடைசியில்.

வலிக்குக் காரணம் தலையணைதானா?

எழுந்திருக்கும்போது கழுத்து இறுகியிருக்கிறது, முகம் கழுவி நடமாடத் தொடங்கியதும் ஒரு மணி நேரத்துக்குள் மெல்ல விட்டுவிடுகிறது என்றால், தலையணையையோ படுக்கும் விதத்தையோ சந்தேகிக்கலாம். காலையில் ஒன்றும் இல்லை, பிற்பகலில் தொடங்கி மாலையில் கூடுகிறது என்றால், நாற்காலி, கணினித் திரையின் உயரம், போனைக் குனிந்து பார்ப்பது ஆகியவற்றின் மேல்தான் முதல் சந்தேகம் வர வேண்டும். அங்கே எந்தத் தலையணை வாங்கினாலும் பெரிதாகப் பலன் இருக்காது. இரண்டும் கலந்தும் இருக்கலாம்.

ஐந்து நாள் குறித்துப் பாருங்கள். எழுந்தவுடன், ஒரு மணி நேரம் கழித்து, இரவு படுக்கும் முன் என மூன்று வேளை, 0 முதல் 10 வரை வலிக்கு ஒரு எண் போடுங்கள். வெளியூரில் வேறு படுக்கையில் தூங்கியபோது வலி இல்லாமல் இருந்ததா என்பதும் நல்ல துப்பு.

சில அறிகுறிகள் இருந்தால் தலையணை ஆராய்ச்சியை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும். வலி கையில் இறங்குவது, விரல்கள் மரத்துப்போவது, கையில் பிடித்த பொருள் நழுவுவது, நடை தடுமாறுவது, சிறுநீர் மலம் கட்டுப்பாடு தவறுவது, விழுந்து அடிபட்ட பிறகு தொடங்கிய வலி, எடை குறைவோடு சேர்ந்து இரவிலும் விடாத வலி ஆகியவை அந்த வகை. காய்ச்சலும் கடுமையான தலைவலியுமாகக் கழுத்து விறைத்துக்கொண்டால் அது அவசர சிகிச்சைக்கான நிலை. கழுத்து, தாடை, கை வலியோடு நெஞ்சில் அழுத்தமும் வியர்வையும் வந்தாலும் அப்படியே.

கழுத்தில் நடப்பது என்ன

கழுத்தில் ஏழு எலும்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக, முன்பக்கம் லேசாக வளைந்து நிற்கின்றன. நேராக நிற்கும்போது இருக்கும் அந்த வளைவு படுக்கும்போதும் குலையாமல் இருக்க வேண்டும். தலைக்கும் மெத்தைக்கும் நடுவே விழும் இடைவெளியைச் சரியான அளவுக்கு நிரப்புவதே தலையணையின் வேலை.

மல்லாந்து படுப்பவருக்குத் தலையணை உயர்ந்துபோனால் தாடை நெஞ்சைப் பார்த்து இறங்கும். பிடறித் தசைகள் இரவெல்லாம் இழுபட்டே கிடக்கும், தொண்டையும் ஒடுங்குவதால் குறட்டை கூடலாம். மிகவும் தாழ்ந்துபோனால் தாடை மேலே தூக்கிக்கொள்ளும், கழுத்தின் பின்பக்க மூட்டுகள் ஒன்றோடொன்று நெருங்கி அழுந்தும்.

ஒருக்களித்துப் படுப்பவருக்கு உயரம் குறைந்தால் தலை மெத்தைப் பக்கம் சரியும். மேலே இருக்கும் பக்கத்துக் கழுத்துத் தசை இழுபடும், கீழே இருக்கும் தோள்பட்டை கூடுதல் பாரம் தாங்கும். உயரம் கூடினால் தலை மேல் தோளை நோக்கி வளையும். வலப்பக்கம் மட்டுமே படுக்கிற ஒருவருக்குக் காலையில் எந்தப் பக்கம் வலிக்கிறது என்று கவனித்தால் உயரம் கூடவா குறைவா என்று ஓரளவு ஊகிக்கலாம். ஆனால் ஊகத்தைவிட அளப்பது எளிது.

உடம்பை அளப்பது

வீட்டில் யாராவது ஒருவர் உதவ வேண்டும். அளவு நாடாவைவிட விறைப்பான 30 செ.மீ. அடிக்கோல் வசதி.

ஒருக்களித்துப் படுப்பவர் சுவருக்குப் பக்கவாட்டில் நின்று, தோளின் வெளிப்புறம் சுவரைத் தொடும்படி நெருங்க வேண்டும். அழுத்த வேண்டாம். தோளை உயர்த்தாமல், கண் நேராகப் பார்க்கட்டும். உதவியாளர் சுவரிலிருந்து காதுக்குச் சற்று மேலே தலையின் பக்கவாட்டு வரை உள்ள தூரத்தை அளக்க வேண்டும். காதைச் சேர்த்து அளந்தால் கணக்கு ஒரு செ.மீ. தவறும். பெரும்பாலோருக்கு இது 12 முதல் 17 செ.மீ. வரை வரும், அகன்ற தோளுக்கு அதிகம், ஒடுங்கிய தோளுக்குக் குறைவு.

இந்த எண் அப்படியே தலையணையின் உயரம் ஆகிவிடாது. படுத்ததும் தோள் சற்று முன்னால் உருளும், மெத்தையிலும் புதையும். கெட்டியான மெத்தையானால் 1–2 செ.மீ., நடுத்தரமானால் 2–4 செ.மீ., புதைகிற மெத்தையானால் 4–5 செ.மீ. கழித்துக்கொள்ளுங்கள். சுவரில் 15 செ.மீ. வந்து, மெத்தை நடுத்தரம் என்றால் 15-ல் 3 போக 12 செ.மீ. தொடக்க அளவு. தரையில் மெல்லிய விரிப்பில் படுப்பவருக்கு ஏறத்தாழ 14 ஆகிவிடும். ஒரே ஆள், ஒரே தோள், படுக்கை மாறியதும் தலையணை 2 செ.மீ. மாறுகிறது. புது மெத்தை வாங்கிய மாதத்தில் கழுத்து வலி தொடங்குவதற்கு இதுதான் பல சமயம் காரணம். பழியை மெத்தைமேல் போட்டுவிட்டுத் தலையணையை மறந்துவிடுகிறோம்.

மல்லாந்து படுப்பவர் குதிகால், பிட்டம், மேல்முதுகு மூன்றும் சுவரில் படும்படி நிற்க வேண்டும். தலையைப் பின்னால் தள்ளிச் சுவரில் ஒட்ட வைக்காமல் இயல்பாக நேரே பாருங்கள். தலையின் பின்பக்கத்துக்கும் சுவருக்கும் உள்ள இடைவெளிதான் தலைக்கடியில் வேண்டிய உயரம். நிமிர்ந்த உடம்புக்கு இது 2–5 செ.மீ.தான் இருக்கும், தலை முன்னால் தள்ளி நிற்கும் வழக்கம் உள்ளவருக்கு 6–8 வரை போகும். புதைகிற மெத்தையில் தலையைவிட முதுகு கூடுதலாக இறங்குவதால் இங்கேயும் 1–2 செ.மீ. குறைத்துக்கொள்ளலாம். கழுத்துக் குழிவுக்கு மட்டும் தலைக்கடியில் உள்ளதைவிட 2–3 செ.மீ. உயரமான தாங்கல் வேண்டும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. ‘கழுத்து வலியா, தலையணையையே எடுத்துவிடு’ என்ற அறிவுரை எல்லோருக்கும் பொருந்தாது. மேல்முதுகு கூனிய முதியவருக்குச் சுவருக்கும் தலைக்கும் நடுவே 10 செ.மீ. கூட இருக்கும். அவர் தலையணை இல்லாமல் மல்லாந்து படுத்தால் தலை பின்னால் தொங்கித் தாடை கூரையைப் பார்க்கும். அவருக்கு உயரமான தலையணைதான் சரி.

துண்டு வைத்துச் சோதிப்பது

கையில் எண் இருக்கிறது. இனி நான்கைந்து குளியல் துண்டுகளை எடுத்து, தலையணை அகலத்துக்கு, ஓரங்கள் சமமாக வரும்படி மடித்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குங்கள். ஒருவர் மேலே கையை வைத்து அமுக்கியிருக்க, அடிக்கோலால் உயரத்தை அளந்து, தொடக்க அளவுக்குக் கொண்டுவாருங்கள். தட்டையான பழைய தலையணை ஒன்றின்மேல் துண்டுகளைப் போட்டும் செய்யலாம்.

உங்கள் மெத்தையிலேயே, உங்கள் வழக்கமான நிலையில் படுங்கள். உடம்போடு ஒட்டிய பனியன் போட்டிருந்தால் முதுகெலும்பின் கோடு தெரியும். ஐந்து நிமிடம் கழித்து, உடம்பு தளர்ந்த பிறகு, உதவியாளர் பின்பக்கத்திலிருந்து மெத்தை மட்டத்தில் போனை வைத்து ஒரு படம் எடுக்கட்டும். நின்றபடி மேலிருந்து எடுத்த படம் ஏமாற்றும். படத்தில் பின்மண்டையின் நடு, கழுத்தடியில் துருத்தித் தெரியும் எலும்பு முண்டு, இரு தோள்பட்டை எலும்புகளுக்கு நடுப்புள்ளி ஆகிய மூன்றும் ஒரே நேர்க்கோட்டில் வர வேண்டும். போனிலேயே படத்தின்மேல் ஒரு கோடு போட்டுப் பார்த்தால் 1 செ.மீ. சரிவு கூடத் தெரிந்துவிடும். தலை மெத்தைப் பக்கம் விழுந்திருந்தால் ஒரு மடிப்பு கூட்டுங்கள், மேலே தூக்கியிருந்தால் ஒரு மடிப்பு எடுங்கள்.

மல்லாந்து படுப்பவருக்குப் படமே தேவையில்லை. கண்ணைத் திறந்தால் பார்வை தலைக்கு நேர்மேலே கூரையில் விழுந்தால் உயரம் சரி. கால்மாட்டுப் பக்கம் போனால் உயரம் அதிகம், தலைமாட்டுச் சுவர் பக்கம் போனால் குறைவு.

அந்த உயரத்தில் மூன்று இரவு தூங்கிப் பாருங்கள். ஒரே இரவில் 3 செ.மீ. ஏற்றி இறக்கினால் எது உதவியது என்று தெரியாமல் போகும். மாற்றுவதானால் 1 செ.மீ. மட்டும். காலை வலிக்குப் போடும் எண் குறையும் உயரம் கிடைத்ததும் அந்த உயரத்தை எழுதி வையுங்கள். வாங்கும்போது அந்த அளவுதான் துணை. துண்டு அடுக்கிலேயே கழுத்து சரியாகிவிட்டால் அதற்கு உறை தைத்துப் போட்டுக்கொள்வதிலும் தவறில்லை.

சீட்டில் இருக்கும் உயரம் வேறு, படுத்தால் இருக்கும் உயரம் வேறு

தலையணைச் சீட்டில் அச்சிட்டிருப்பது அமுங்காத உயரம். புத்தம்புது ஃபைபர் தலையணை 18 செ.மீ. பொங்கி நிற்கும், தலை வைத்ததும் பாதியாக இறங்கிவிடலாம். கெட்டியான லேடெக்ஸோ (ரப்பர் நுரை) 12-ல் ஒன்றோ ஒன்றரையோதான் குறையும். ஆகவே ‘18 செ.மீ. உயரமானது, 12 செ.மீ. தாழ்வானது’ என்று சீட்டை ஒப்பிட்டால் தலைகீழான முடிவுக்கு வரக்கூடும்.

வீட்டில் இதைச் சோதிக்க எளிய வழி உண்டு. தலையளவு இருக்கும் ஒரு பையில் 5 கிலோ எடைக்குத் தானியமோ மணலோ நிரப்பிக் கட்டுங்கள். தலையணையைக் கெட்டியான தரையில் வைத்து, அதன் நடுவில் பையைப் பத்து நிமிடம் வையுங்கள். பிறகு பையை எடுக்காமலே, நீளமான ஒரு பின்னல் ஊசியையோ மெல்லிய கம்பியையோ பையின் அடி மட்டத்தில் கிடைமட்டமாக நுழைத்து, வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் முனைக்கும் தரைக்கும் நடுவே எத்தனை செ.மீ. என்று பாருங்கள். அதுதான் உங்கள் கழுத்து காணப்போகும் உயரம். மெமரி ஃபோமுக்குப் பத்து நிமிடம் கட்டாயம் வேண்டும். அது மெதுவாகத்தான் இறங்கும்.

கடையில் பை கொண்டுபோக முடியாது. அங்கே உங்கள் மெத்தைக்கு நிகரான கெட்டியுள்ள மெத்தையில், உங்கள் வழக்கமான பக்கம் திரும்பி, பத்து நிமிடம் படுத்துப் பாருங்கள். கூச்சப்பட வேண்டாம், கூட வந்தவர் பின்னாலிருந்து படமெடுக்கட்டும். இணையத்தில் வாங்குவதானால், திருப்பி அனுப்ப எத்தனை நாள் அவகாசம், உறை பிரித்த பிறகும் திருப்பலாமா என்ற இரண்டையும் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

உள்ளே என்ன இருக்கிறது

முதன்முறையாகச் சரியான உயரம் தேடுகிறவருக்கு எங்கள் பரிந்துரை, ஜிப் வைத்து உள்ளீட்டைக் கூட்டிக் குறைக்கும் தலையணை. துண்டு துண்டாக வெட்டிய ஃபோமோ லேடெக்ஸோ உள்ளே இருக்கும். கைப்பிடியளவு எடுத்தால் உயரம் இறங்கும், திரும்பப் போட்டால் ஏறும். எடுத்த துண்டுகளை எறிந்துவிடாமல் ஒரு பையில் கட்டி வையுங்கள், ஆறு மாதத்தில் உள்ளே இருப்பது அமுங்கியதும் தேவைப்படும். இதன் குறை, துண்டுகள் இடம் மாறும். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை உதறிச் சமப்படுத்த வேண்டும். அந்தச் சோம்பல் உள்ளவருக்கு இது ஒத்துவராது.

மெமரி ஃபோம் பிறந்த இடம் விண்வெளித் துறை. 1966-ல் நாசாவுக்காக விமான இருக்கைகளின் அதிர்ச்சியைத் தாங்க சார்லஸ் யோஸ்ட் உருவாக்கிய பொருள் அது. உடம்புச் சூட்டுக்கு இளகித் தலையின் வடிவத்துக்கு அமுங்கும், கையை எடுத்தால் பள்ளம் மெதுவாக மேலே வரும். அழுத்தம் ஓரிடத்தில் குவியாது என்பது இதன் பலம். இரண்டு தொல்லைகளும் உண்டு. குளிரில் இது விறைக்கும். குளிரான அறையில் படுத்த முதல் பத்துப் பதினைந்து நிமிடம் பலகைபோல் இருந்துவிட்டுப் பிறகு இறங்கும். ஆகவே உயரத்தைத் தூங்கும் அறையின் குளிர்ச்சியிலேயே சோதிக்க வேண்டும். அடுத்து, சூடு தேங்கும். வியர்க்கிற உடம்புக்குத் துளையிட்ட ஃபோமும் பருத்தி உறையும் கொஞ்சம் உதவும். இரவில் அடிக்கடி புரளுபவருக்கும் மெமரி ஃபோம் எரிச்சல் தரலாம், பழைய பள்ளம் எழுவதற்குள் தலை வேறிடம் போயிருக்கும். பிரித்த புதிதில் வரும் ரசாயன வாடை போக, உறையில்லாமல் காற்றோட்டமான நிழலில் இரண்டு மூன்று நாள் வையுங்கள்.

லேடெக்ஸ் இதற்கு நேர்மாறு. அமுக்கினால் உடனே எழும்பும், உயரத்தை மாதக்கணக்கில் அப்படியே வைத்திருக்கும், சூடு குறைவு. பக்கவாட்டில் படுப்பவர்களிடம் ஆஸ்திரேலியாவில் சூசன் கார்டன் குழு நடத்தி 2009-ல் வெளியான ஆய்வில் லேடெக்ஸ் நல்ல பெயர் வாங்கியது, இறகுத் தலையணை பின்தங்கியது. புரண்டு புரண்டு படுப்பவருக்கும் இதுவே தோது. எடை கூடுதல், ரப்பர் வாடை சில வாரம் இருக்கும். ரப்பர் ஒவ்வாமை உள்ளவர்கள் தவிர்க்க வேண்டும்.

பாலியெஸ்டர் ஃபைபர் மலிவு, துவைக்கலாம், எளிதில் கிடைக்கும். ஆனால் உயரம் நிலைக்காது. நடுவில் தலை வைக்கும் இடம் மட்டும் குழிந்து இருபுறமும் மேடாகும். பஞ்சுத் தலையணை நாளடைவில் கட்டிதட்டி இறுகும். பஞ்சைப் பிரித்துக் கொட்டித் திரும்ப நிரப்பினால்தான் உயிர்பெறும். இலவம்பஞ்சு இன்னும் இலேசு, குளிர்ச்சி. ஆனால் வெகு சீக்கிரம் அமுங்கி ஒரு பக்கம் ஒதுங்கும். இந்த இரண்டிலும் ஒரு நன்மை, தையலைப் பிரித்து அளவைக் கூட்டிக் குறைக்கலாம் என்பது. பெரும்பாலோர் அமுங்க அமுங்கத் திணித்து இறுக்கித் தைத்து வாங்குவதுதான் பிழை. கல்போன்ற அந்தத் தலையணை மல்லாந்து படுப்பவரின் கழுத்துக்கு ஆகாது. முக்கால்வாசி நிரப்பச் சொல்லுங்கள்.

தண்ணீர் நிரப்பும் தலையணையும் உண்டு. அடியில் தண்ணீர்ப் பை, மேலே ஃபைபர். 1997-ல் வெளியான ஒரு சிறிய ஒப்பீட்டு ஆய்வில், கழுத்து வலி உள்ளவர்களுக்கு உருளைத் தலையணையைவிட இது காலை வலியைக் குறைத்தது. அளவை நுணுக்கமாக மாற்ற முடிவதே இதன் சிறப்பு. எடை அதிகம், மூடி சரியாகத் திருகாவிட்டால் மெத்தை நனையும். உமி நிரப்பிய தலையணை கெட்டியாக, சொன்ன வடிவில் நிற்கும்; தலையைத் திருப்பும்போதெல்லாம் சரசரக்கும்.

வளைவுத் தலையணை: வாங்கியும் தவறாகப் படுப்பது

‘கழுத்து வலிக்கான’ என்று விற்பவற்றில் பெரும்பாலானவை இரண்டு மேடும் நடுவில் ஒரு பள்ளமும் உள்ள அலை வடிவம். ஒரு மேடு உயரம், மறுமேடு தாழ்வு. மேடு கழுத்துக்கு, பள்ளம் தலைக்கு. இதைத் தெரியாமல் மேட்டின்மேல் பின்மண்டையை வைத்துப் படுத்தால் தாடை நெஞ்சில் இடிக்கும், வலி கூடும். மல்லாந்து படுக்கும்போது பொதுவாகத் தாழ்ந்த மேடு, ஒருக்களிக்கும்போது உயர்ந்த மேடு. தூக்கத்தில் யாரும் தலையணையைத் திருப்பிப் போட்டுக்கொள்ள மாட்டார்கள் என்பதால், அதிக நேரம் எந்த நிலையோ அதற்கான மேட்டை வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த வடிவம் மந்திரம் ஒன்றும் செய்வதில்லை. மேட்டின் உயரம் உங்கள் அளவோடு ஒத்துப்போனால் சுகம், ஒத்துப்போகாவிட்டால் சாதாரணத் தலையணையைவிட மோசம், ஏனென்றால் இதில் விலகிப் படுக்க இடமில்லை. சிறிய உடம்புக்காரர்களுக்கு இந்த மேடுகள் பெரும்பாலும் உயரம்தான். சில தலையணைகளில் அடியில் எடுக்கக்கூடிய ஃபோம் தகடு ஒன்று இருக்கும். அப்படிப்பட்டதைத் தேர்ந்தெடுத்தால் 1–2 செ.மீ. இறக்கிக்கொள்ளலாம்.

மல்லாந்து படுப்பவர் இதை வாங்காமலே கழுத்துத் தாங்கலைச் செய்துகொள்ள முடியும். ஒரு கைத்துண்டை நீளவாக்கில் சுருட்டி, படுத்தால் 6–7 செ.மீ. தடிமன் வரும்படி ரப்பர் வளையம் போட்டு, தாழ்வான தலையணையின் உறைக்குள் தோள் பக்க ஓரத்தில் செருகுங்கள். உறைக்கு வெளியே வைத்தால் நடு இரவில் நழுவிவிடும். சுருள் கழுத்துக் குழிவில் உட்கார வேண்டும், மண்டை எலும்பின் விளிம்பில் முட்டக் கூடாது. முட்டினால் காலையில் பின்தலை வலிக்கும்.

குப்புறப் படுப்பவர், புரண்டு படுப்பவர்

குப்புறப் படுத்தால் மூச்சுவிட முகத்தை ஒரு பக்கம் முழுக்கத் திருப்பியாக வேண்டும். கழுத்தை அப்படித் திருப்பியே மணிக்கணக்கில் வைத்திருப்பதை எந்தத் தலையணையும் ஈடுகட்டாது. வழக்கத்தை உடனே விட முடியாவிட்டால் தலைக்கு 2–3 செ.மீ.க்கு மேல் வேண்டாம், அடிவயிற்றின் கீழ் ஒரு மெல்லிய தலையணை வையுங்கள். மெல்ல மாறுவதற்கு நல்ல வழி, நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் முன்னால் நீளமான தலையணை ஒன்றைக் கட்டிக்கொண்டு அதன்மேல் சாய்ந்து படுப்பது. வயிறு அழுந்தும் உணர்வு கிடைக்கும், கழுத்து பாதிதான் திரும்பும். நாளாக நாளாக அது ஒருக்களித்த நிலையாகவே மாறிவிடும்.

மல்லாந்தும் ஒருக்களித்தும் மாறி மாறிப் படுப்பவருக்கு ஒரே உயரம் இரண்டுக்கும் பொருந்தாது. நடுவில் தாழ்ந்து இருபுறமும் உயர்ந்த தலையணை இவர்களுக்கு ஏற்றது. உள்ளீடு மாற்றும் தலையணையானால், நடுவிலிருந்து துண்டுகளை இரு ஓரத்துக்கும் ஒதுக்கி நீங்களே இதைச் செய்துகொள்ளலாம். அகலம் 60 செ.மீ.க்குக் குறைந்தால் புரண்டதும் தலை விளிம்பிலிருந்து விழும்.

படுக்கும் முறை

சரியான தலையணையையும் கெடுப்பது ஒன்றே ஒன்று: தோளைத் தலையணைமேல் ஏற்றுவது. அப்படிச் செய்தால் தோளும் தலையும் சேர்ந்து உயரும், கழுத்தின் இடைவெளி அப்படியே காலியாக நிற்கும். தலையணையின் கீழ் ஓரத்தைக் கையால் இழுத்து, தோளுக்கும் கழுத்துக்கும் நடுவே உள்ள மூலையில் செருகுங்கள். தோள் முழுக்க மெத்தையில் இருக்க வேண்டும்.

ஒருக்களிக்கும்போது மேல் கை முன்னால் தொங்கினால் அது தோளையும் கழுத்தையும் இழுக்கும். நெஞ்சோடு ஒரு தலையணையை அணைத்து அதன்மேல் கையை வையுங்கள், முழங்கால்களுக்கு நடுவிலும் ஒன்று. மல்லாந்து படுப்பவருக்கு முழங்காலுக்கு அடியில். தலையணைக்கு அடியில் கையைச் செருகித் தூங்குவது உயரத்தைச் சில செ.மீ. கூட்டிவிடும், கையும் மரத்துப்போகும். அந்தப் பழக்கம் தானாக வருகிறதென்றால் தலையணை தாழ்வு என்று அர்த்தம் கொள்ளலாம்.

நெஞ்செரிச்சலுக்காக இரண்டு தலையணை அடுக்கிப் படுப்பதும் கழுத்தைத்தான் மடிக்கும், வயிற்றுக்குப் பலன் குறைவு. கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு 15–20 செ.மீ. முட்டுக் கொடுங்கள், அல்லது இடுப்பிலிருந்தே சாயும் ஆப்பு வடிவத் திண்டு வையுங்கள். அதன்மேல் தலைக்கு மெல்லிய தலையணை போதும். ஒரு வயதுக்குக் குறைந்த குழந்தைக்குத் தலையணையே வைக்கக் கூடாது, மூச்சடைக்கும் ஆபத்து உண்டு.

முதல் இரண்டு வாரம்

பல ஆண்டு தவறான உயரத்துக்குப் பழகிய கழுத்துக்குச் சரியான உயரமும் முதலில் அந்நியமாகத்தான் இருக்கும். லேசான இறுக்கம் சில நாள் இருந்து குறைந்தால் பொறுக்கலாம். முதல் மூன்று இரவு புதியதில் தொடங்கி, நடுவில் விழிப்பு வந்தால் பழையதற்கு மாறிக்கொள்வதும் சரிதான். நாளுக்கு நாள் வலி கூடினாலோ புதிதாகக் கை மரத்தாலோ நிறுத்திவிடுங்கள். இரண்டு வாரத்துக்குப் பிறகும் காலை எண் அசையவில்லை என்றால் உயரத்தை 1 செ.மீ. மாற்றுங்கள், அதற்கும் அசையாவிட்டால் காரணம் வேறு, பிசியோதெரபி நிபுணரிடம் காட்டுவது நல்லது.

சில அடையாளங்களை நேராகவே படிக்கலாம். காது வலித்தால் தலையணை மிகக் கெட்டி. கீழ்த் தோளின் நுனி வலித்தால் உயரம் போதவில்லை, அல்லது மெத்தை மிகக் கெட்டி. பிடறியிலிருந்து தலைக்கு ஏறும் வலி என்றால் கழுத்து மேடு உயரமாகவோ தவறான இடத்திலோ இருக்கிறது. படுத்தவுடன் சுகம், விடியற்காலை மூன்று நான்கு மணிக்கு வலித்து விழிப்பு என்றால், உள்ளீடு இரவோடு இரவாக அமுங்கிவிடுகிறது.

பராமரிப்பு

உறையை வாரம் ஒருமுறை மாற்றுங்கள். தூசிப்பூச்சி ஒவ்வாமை இருந்தால் உறையை 60 டிகிரி வெந்நீரில் துவைக்க வேண்டும், தலையணைக்கு உள்ளுறை ஒன்றும் போட வேண்டும். மூக்கடைத்து வாயால் மூச்சுவிட்டுத் தூங்குவதும் கழுத்தைக் கோணலாக்கும் என்பதால் இது வெறும் சுத்தம் பற்றிய விஷயம் மட்டும் இல்லை. ஃபைபரைத் துவைத்தால் உள்ளே ஈரம் துளியும் இல்லாமல் காய வேண்டும். அரைகுறையாகக் காய்ந்தால் கட்டிதட்டிப் பூஞ்சை பிடிக்கும். மெமரி ஃபோமையும் லேடெக்ஸையும் இயந்திரத்தில் போட்டால் கிழிந்துவிடும். கறை பட்ட இடத்தை ஈரத்துணியால் துடைத்து நிழலில் உலர்த்துங்கள். வெயிலில் போடுவது பஞ்சுக்கு நல்லது, இவை இரண்டுக்கும் கேடு. வெயில் பட்ட லேடெக்ஸ் மஞ்சளித்துப் பொடிப்பொடியாக உதிரும்.

ஃபைபர் ஒன்று அல்லது இரண்டு ஆண்டு, மெமரி ஃபோம் மூன்று ஆண்டு அளவில், நல்ல லேடெக்ஸ் அதற்கும் மேலே தாங்கும் என்பது பொதுக் கணக்கு. ஃபைபரை இரண்டாக மடித்துக் கையை எடுங்கள். விரியாமல் அப்படியே கிடந்தால் அதன் காலம் முடிந்தது. மற்றவற்றுக்கு அதே 5 கிலோ பை. வாங்கிய நாளில் அளந்த உயரத்தையும் தேதியையும் அழியாத மையால் சீட்டின் பின்பக்கம் எழுதி வைத்து, ஆறு மாதத்துக்கு ஒருமுறை பையை வைத்து அளந்து பாருங்கள். 1 செ.மீ. குறைந்திருந்தால் உறைக்குள் அடியில் ஒரு துண்டை மடித்துப் போட்டுச் சமாளிக்கலாம். 2 செ.மீ. குறைந்திருந்தால் மாற்றிவிடுங்கள்.